கண்ணாடி அலுமாரிக்கு ஒரு கிரைண்டர்

உங்கள் பிரிவின் கருத்தரங்கு அறையில் புதிதாக ஒரு கண்ணாடி அலுமாரி வைத்திருக்கிறீர்களாம். ஓய்வுபெற்ற கிழவர்கள் ஆளுக்கொரு கருவி தந்து அதை நிரப்ப வேண்டுமாம். கேட்க வந்த இரண்டு பேரும் என் பழைய விலா விரிப்பானை எதிர்பார்த்துத்தான் வந்தார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் உள்ளே போய் ஒரு சாக்குப் பையைத் தூக்கிவந்து அவர்கள் முன்னால் வைத்தேன். திறந்து பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘சேருக்கு மரை கழன்றுவிட்டது’ என்ற பார்வை. அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை, என் மனைவி பல வருடங்களாகப் பார்ப்பதுதான்.

பையில் இருந்தது ஒரு கிரைண்டர். தோசைக்கு மாவரைக்கிற கிரைண்டர் அல்ல. கூரைத் தகடு வெட்டுவதற்குக் கையில் பிடிக்கும் மின்சார இயந்திரம். பயப்படாதீர்கள், அதிலிருந்த வெட்டுத் தகட்டை அப்போதே முறைப்படி அப்புறப்படுத்தியாகிவிட்டது. மிச்சத்தை நனைத்த துணியால் துடைத்திருக்கிறேன். நெஞ்சறைச் சத்திரசிகிச்சைக்காரன் ஒருவனுக்கு கூரை வெட்டும் இயந்திரம் எதற்கு என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வாப்பாவைப் பற்றி. அவருக்குக் கண்டியில் துணிக்கடை. வாடிக்கையாளர் வாசலில் கால் வைத்ததுமே சேலையை விரித்துவிடுவார். கேட்காத சேலையையும் விரிப்பார். “காட்டாம விக்க ஏலா மகன்” என்பார். எனக்குக் கடை வரவில்லை, புத்தி மட்டும் வந்தது. ஆகவே நமது ஆஸ்பத்திரிகளில் உள்ள அந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. எது என்று உங்களுக்குத் தெரியும். சத்திரசிகிச்சை முடிந்ததும் வெட்டி எடுத்ததை ஒரு கிண்ணத்தில் வைத்து, பச்சைத் துணியால் மூடி, தியேட்டர் வாசலில் காத்திருக்கும் சொந்தக்காரர்களிடம் கொண்டுபோய்க் காட்டுவோமே, அதுதான். துணியை விலக்கியதும் “அம்மாடி, இவ்வளவு பெரிசா!” என்பார்கள். ஒருவர் போனில் படம் எடுப்பார். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவார். உள்ளே இருந்த சனியன் வெளியே வந்துவிட்டது என்று கண்ணால் கண்ட பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வரும்.

தொழில் பழகும் ரெஜிஸ்ட்ராராக இருந்த காலத்தில் நான் அந்தக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தால் பெருநாளைக்கு வட்டிலப்பம் கொண்டுபோவது போல இருக்குமாம். ஒரு நாள் அப்படித் துணியை விலக்கியபோது, நோயாளியின் தாய்மாமன், மலை மாதிரி ஆள், மயங்கி நேரே என்மேல் சரிந்தார். கிண்ணம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அன்றைக்குக் கடைசித் தையல் என் புருவத்தில்தான் விழுந்தது. போட்டவர் எனக்குத் தொழில் பழக்கிய பெரியவர், யாழ்ப்பாணத்துக்காரர். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

“தம்பி, நீர் என்ன, மீன் விக்கிறீரோ?” என்று கேட்டார், ஊசியைக் குத்திக்கொண்டே.

“சனம் பார்க்க ஆசைப்படுது சேர்.”

“ஓம், ஓம். சனம் கிண்ணத்தைப் பார்த்தால் உம்மட முகத்தைப் பாராது. அதுதானே உமக்கு வசதி?”

புருவம் விறைத்திருந்ததால் எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. சிரித்தேன். சிரிக்காதையும், தையல் கோணும் என்றார். அது கோணித்தான் இருக்கிறது. கிட்ட வந்தால் பார்க்கலாம்.

இனி சவரி பாஸ்.

சவரிமுத்து புசல்லாவைக்காரர். நம் நாட்டில் மேசன், தச்சன், கூரைக்காரன் எல்லோரும் ‘பாஸ்’தான், மரியாதைக்கு. தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் துருப்பிடித்த தகரத்தைக் கழற்றிவிட்டு அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட காலத்தில் அவர் இளந்தாரி. புசல்லாவையிலிருந்து நாவலப்பிட்டிவரை கூரை கூரையாக ஏறியவர். சீற்றை அளந்து, வெட்டி, ஓரத்தை அராவி, ஆணி அடிப்பது வேலை. முதலில் கைவாள், பிறகு கிரைண்டர். வெட்டும்போது பறக்கும் வெள்ளைத் தூள் முடி, புருவம், மீசை எல்லாம் படியும். “லயத்துப் புள்ளைங்க நத்தார் தாத்தா வந்துட்டாருன்னு பின்னாலயே ஓடி வருங்க சார்” என்று கிளினிக்கில் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் மூச்சு முட்டிவிட்டது. அவருடைய இடது நெஞ்சு நிறைய நீர்.

மீசோதீலியோமா என்ற பெயரை நீங்கள் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். மற்றப் புற்றுநோய்கள் பெரும்பாலும் முடிச்சாக இருக்கும், பிடித்து வெட்டலாம். இது முடிச்சு அல்ல, பூச்சு. மூச்சோடு போன தூள் வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் கிடந்து, நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வைப் பிடித்து, சுவருக்குச் சீமெந்து பூசியது போலத் தடிப்பாக்கிவிடும். அந்தப் பூச்சை உரிப்பதைத்தான் நான் தொழிலாக வைத்திருந்தேன். இந்த நோயிலிருந்து ஒருவரையும் நான் காப்பாற்றியதில்லை. சிலருக்குக் கொஞ்ச நாளைக் கூட்டிக் கொடுத்திருக்கிறேன். இவ்வளவுதான் என் மொத்தச் சாதனை. ஓய்வுபெற்ற அன்று எனக்குப் போட்ட மாலை இதைவிடப் பாரமாக இருந்தது.

பாஸோடு மனைவி ஞானம்மாவும் மருமகன் ஸ்டீபனும் வந்திருந்தார்கள். ஸ்டீபனுக்கும் கூரை வேலைதான். மாமாவுக்கு ஏறி இறங்க முடியாமல் போன பிறகு மாமாவின் கிரைண்டரை அவர்தான் வைத்திருந்தார். தூள்தான் காரணம் என்று நான் சொன்னதும் அவர் சிரித்தார்.

“மாமா குடிச்ச பீடிக்கு அரைத் தோட்டம் பொகஞ்சிருக்கும் சார். தூளாம் தூளு.”

“வாய மூடு ஸ்டீபன்” என்றார் ஞானம்மா.

“இல்ல அத்த, நானுந்தானே பத்து வருசமா வெட்டுறேன். எனக்கு என்ன வந்திச்சி? இந்தா, இரும்பு மாதிரி நிக்கிறேன்.”

இது இன்றைக்குத் தூள் போய் நாளைக்கு வருகிற வியாதி இல்லை, உங்கள் மாமா மீசையில் தூளோடு திரிந்ததற்கு இப்போதுதான் நெஞ்சு பதில் சொல்கிறது என்று விளக்கினேன். படம் கீறிக் காட்டினேன். வாப்பா கேட்காமலே விரித்த சேலையைப் பார்க்கும் வாடிக்கையாளர் போல ஸ்டீபன் என்னைப் பார்த்தார்.

சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் வார்ட்டில் பாஸ் என் கையைப் பிடித்தார்.

“வெட்டி எடுக்கிறத வெளில காட்டுவீங்கதானே சார்?”

“காட்டுவம்.”

“எம் மருமகனுக்குக் கிட்டப் புடிச்சுக் காட்டுங்க. எம் பேச்சு ஏறாது அவனுக்கு. கண்ணால பாத்தான்னா மெஷின கீழ வச்சிருவான். எம் மகளுக்கு ரெண்டு புள்ளைங்க சார். எனக்கு ஆனது ஆச்சு.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, “முடிஞ்சா மூக்குக்கிட்டப் புடிங்க” என்றார்.

“மூக்குக்குள்ளயே வச்சி விடுறன் பாஸ்.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

மறுநாள் காலை நெஞ்சைத் திறந்தோம். ஸ்கேன் படம் பார்த்து உரிக்கலாம் என்றுதான் நான்கு பேர் கூடி முடிவெடுத்திருந்தோம். படத்தில் தெரியாதது கைக்குத் தெரிந்தது. பூச்சு கீழே உதரவிதானத்தைத் துளைத்துக்கொண்டு வயிற்றுப் பக்கம் போயிருந்தது. முன்பக்கம் இதயத்தின் உறையோடு ஒன்றாகியிருந்தது. விரலை எங்கே வைத்தாலும் கல். தொடர்ந்தால் மேசையிலேயே போவார், மேசையில் தப்பினாலும் மெஷின் மூச்சில் சில நாள் கிடந்து போவார். நான் வழக்கமாக வாய் ஓயாதவன். அன்றைக்கு நான் பேசாமல் நின்றதைக் கண்டு தாதி தேநீருக்குக் கேத்திலில் தண்ணீர் வைக்கச் சொல்லிவிட்டார். மூடப் போகிறோம் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

அப்போது என் ரெஜிஸ்ட்ரார், நல்ல பிள்ளை, பாஸுக்கு நான் சொன்ன வாக்கைப் பக்கத்தில் நின்று கேட்டவர், மெதுவாகச் சொன்னார்: “சேர், ஓரத்தில ஒரு துண்டு எடுப்பமா? காட்டுறதுக்கு மட்டும்.”

பிள்ளைகளே, கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது. அந்தத் துண்டால் ஒரு இளம் மனிதனின் நெஞ்சைக் காப்பாற்றலாம் என்று நியாயமும் இருந்தது. பாஸே கேட்டதுதானே? பேராசையால் வரும் தவறான யோசனையைத் துரத்துவது சுலபம். இப்படி நல்ல காரணத்தோடு வருவதுதான் கஷ்டம். ஆனால் யோசித்துப் பாருங்கள். கல்லாகிப்போன அந்த இடத்தில் துண்டு வெட்டினால் இரத்தம் எங்கே நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? அது ஒன்று. மற்றது, கிண்ணத்தில் துண்டைப் பார்த்தால் ஸ்டீபன் என்ன நினைப்பார்? வெட்டி எடுத்துவிட்டார்கள், மாமா தப்பிவிட்டார் என்று நினைப்பார். வந்தால் வெட்டி எடுக்கலாம் என்றால் பிறகு எதற்கு மெஷினைக் கீழே வைக்க வேண்டும்? நான் காட்டும் உண்மையான துண்டு வாசலைத் தாண்டியதும் பொய்யாகிவிடும்.

“மூடுவம்” என்றேன். நீர் திரும்ப ஊறாமல் இருக்க நெஞ்சறைக்குள் டல்க் தூளைப் போட்டு, குழாய் வைத்து மூடினோம்.

கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போனேன். நீண்ட வாங்கில் வேறு நோயாளிகளின் ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஞானம்மா எழுந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தார். ஸ்டீபனும் கைகளைத்தான் பார்த்தார். அன்று காலையில் அதே வாசலால் கிண்ணங்கள் வந்து போயிருந்தன. கிண்ணம் வந்தால் உள்ளே வியாதி இருந்தது என்று அர்த்தம். என் கையில் கிண்ணம் இல்லை.

“ஒண்ணுமில்லியா?” என்றார் ஞானம்மா. “உள்ள ஒண்ணுமே இல்லியா டொக்டர்?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தரையில் முழந்தாளிட்டுவிட்டார். “அந்தோனியாரே, அந்தோனியாரே” என்று தரையைத் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டார். ஸ்டீபன் அதற்குள் போனில் மனைவியைப் பிடித்துவிட்டார். “ஏய், ஒண்ணும் இல்ல! தொறந்து பாத்துட்டு மூடிட்டாங்க! நாந்தான் சொன்னேன்ல, பீடின்னு!” வாங்கில் இருந்த ஒரு சிங்கள அம்மா எழுந்து வந்து, யாரென்றே தெரியாத ஞானம்மாவின் தலையைத் தடவினார். இன்னொருவர் டொபி மிட்டாய் நீட்டினார். எனக்கும் ஒன்று தந்தார். அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

எனக்குப் பின்னால் தியேட்டர் கதவு. ஒரு அடி பின்னால் வைத்தால் போதும், உள்ளே போய்விடலாம். பின்னேரம் ரெஜிஸ்ட்ராரை விட்டுச் சொல்லலாம். ஒரு பகலாவது அந்த மனுஷி சந்தோஷமாக இருக்கட்டும் என்று அதற்கும் ஒரு நல்ல காரணம் கிடைத்தது. அன்றைக்கு நல்ல காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆயுள் முழுக்கச் சிரிக்கச் சிரிக்கப் பகிடிவிட்டே பிழைத்த எனக்கு அந்த நேரத்தில் ஒரு பகிடிகூட வரவில்லை. கோணல் புருவம்தான் அரித்தது.

நானும் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் சத்தம் போட்டது.

“அம்மா, என்ட முகத்தப் பாருங்க.”

பார்த்தார்.

“இருக்கு. நிறைய இருக்கு. எடுக்க ஏலாத அளவுக்கு இருக்கு. அதாலதான் கையில ஒண்டும் கொண்டு வரல்ல.”

அந்த முகத்தில் சந்தோஷம் உடனே போகவில்லை. அதற்குப் போகத் தெரியவில்லை. உதடு இன்னும் அந்தோனியாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது, கண் மட்டும் நின்றுவிட்டது. ஸ்டீபனின் கையிலிருந்த போனில் அவர் மனைவி அழுது சிரிக்கும் சத்தம் கேட்டது. “அலோ, அலோ, அப்பா முழிச்சிட்டாரா?” ஸ்டீபன் போனை வெட்டாமலே சட்டைப் பைக்குள் போட்டார்.

“அப்ப எதுக்கு டொக்டர் வெட்டுனீங்க?” என்றார் ஞானம்மா.

இத்தனை வருடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதைவிடச் சரியான கேள்வி இல்லை. “ஏலும் என்டு நினைச்சன் அம்மா” என்றேன். பிறகு, நீர் ஊறாமல் இருக்க ஒரு வகைப் பவுடர் போட்டிருப்பதைச் சொன்னேன்.

“தூளால வந்ததுக்குத் தூளா சார்?” என்றார் ஸ்டீபன்.

மயக்கம் தெளிந்ததும் பாஸ் கேட்ட முதல் கேள்வி, “காட்டினீங்களா?”

“இல்ல பாஸ். எடுக்க ஏலல்ல.”

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நான் திரும்பியபோது, “சரி சார், அப்ப நானே காட்டிக்கிறேன்” என்றார். மருந்து மயக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன்.

குழாயைக் கழற்றிய பிறகு ஒரு நாள் பார்வையாளர் நேரத்தில் நான் வார்ட்டில் இருந்தேன். பாஸ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, சட்டையை மேலே தூக்கிக்கொண்டு, மருமகனைப் பின்னால் வரச் சொன்னார்.

“ரெண்டு கையையும் எம் முதுகுல வை. அப்பிடி இல்ல, விரிச்சி. பெருவிரல் ரெண்டும் நடுவுல முட்டணும்.”

உங்களைப் போன்ற மாணவர்கள் நாள் முழுக்க அவர் முதுகில் கைவைத்துப் பழகியதில் பாடம் அவருக்கே மனப்பாடமாகியிருந்தது. சோதனையில் நீங்கள் கோட்டைவிடுவதை அவர் பிழையில்லாமல் சொன்னார். “ஒங் கை பரவால்ல. டொக்டர் புள்ளைங்க கை ஐஸ்கட்டி” என்றார். “இப்ப மூச்ச இழுக்கிறேன், பாரு.”

இழுத்தார். ஸ்டீபனின் வலது கை எழுந்தது. இடது கை வைத்த இடத்திலேயே இருந்தது. இன்னொரு தடவை இழுத்தார். வலது கை எழுந்தது. இடது கை எழவில்லை. ஸ்டீபன் இடது கையை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் வைத்தார், கையில்தான் ஏதோ கோளாறு என்பது போல.

“சொவரு மாதிரி இருக்கு மாமா.”

“சீமெந்து பூசுன சொவரு. நாமளே பூசுனது.”

ஸ்டீபன் கைகளை எடுத்துக்கொண்டு கோபமாகக் கேட்டார்: “அதுக்கு? நான் என்ன வேலைக்குப் போறது? புள்ளைங்க என்னத்தத் திங்கும்?”

“தகரம் போடு. ஓடு போடு. ஆணி அடி. வெட்டாத” என்றார் பாஸ். அவ்வளவுக்குத்தான் மூச்சு இருந்தது.

நான் அங்கே நின்றுகொண்டுதான் இருந்தேன். சொல்ல என்னிடம் எவ்வளவோ இருந்தது. ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தேன். அந்த வார்ட்டில் நான் செய்த மிகத் திறமையான வேலைகளில் அது ஒன்று.

பாஸ் வீட்டுக்குப் போனார். சில தடவை கிளினிக்குக்கு வந்தார், ஒவ்வொரு தடவையும் இன்னும் மெலிந்து. பிறகு ஒரு நாள் ஸ்டீபன் மட்டும் வந்தார். சட்டையில் துக்கத்துக்குக் கறுப்புத் துண்டு குத்தியிருந்தது. பொலித்தீனால் சுற்றிய ஒரு பொதியை என் மேசையில் வைத்து அவிழ்த்தார். அதற்குள் ஈரத் துவாய். கிளினிக் தாதி பதறிப்போய் உட்கார்ந்திருந்த கதிரையோடு பின்னால் போனார். துவாயை ஸ்டீபன் விலக்கினார்.

“எடுத்தத டொக்டர்கிட்டக் காட்டிட்டு வான்னாரு சார். கடேசி வரைக்கும் அதையேதான் சொன்னாரு.”

கிரைண்டர். நான் கிண்ணம் நீட்டியபோதெல்லாம் சொந்தக்காரர்கள் எப்படி நின்றார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வாய் தானாகச் சொன்னது:

“அம்மாடி. இவ்வளவு பெரிசா.”

ஸ்டீபன் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துவாயால் மூடப்போனவரை, “அந்தத் துவாய் வேணாம், தூள்” என்று தடுத்து என் கைக்குட்டையைக் கொடுத்தேன். இப்போது தகரக் கூரைக்குத்தான் போவதாகச் சொன்னார், வருமானம் குறைவுதான் என்றார். எழுந்து கதவுவரை போய்த் திரும்பி வந்தார்.

“எனக்கும் வருமா சார்?”

சட்டையைத் தூக்கச் சொன்னேன். முதுகில் இரண்டு கைகளையும் வைத்தேன். மூச்சை இழுத்தார். இரண்டு கைகளும் எழுந்தன, ஒன்றாக, நன்றாக. இன்னொரு தடவை இழுக்கச் சொன்னேன். தேவையில்லை, இருந்தும் சொன்னேன். எக்ஸ்ரேயும் தெளிவாக இருந்தது. ஆனால் அவர் பத்து வருடம் வெட்டியிருக்கிறார், அது உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று சொல்ல என் கைக்கும் தெரியாது, படத்துக்கும் தெரியாது. என் பக்கம் திரும்பச் சொன்னேன். திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

“இன்டைக்கு ரெண்டு பக்கமும் எழும்புது. நாளைக்கு, தெரியாது. வராமலே போகலாம். வருசா வருசம் வாங்க.”

“சரி சார்” என்றார்.

அவர் வருடா வருடம் வருகிறார், புசல்லாவையிலிருந்து முதல் பஸ்ஸில். இனி நான் இருக்க மாட்டேன், நீங்கள் இருப்பீர்கள். அலுமாரியில் கிரைண்டருக்குப் பக்கத்தில் அட்டை ஒன்றும் எழுதி வைக்க வேண்டாம். அவர் அதைக் கண்டால் கண்டுகொள்ளட்டும்.

அவர் வந்தால், முதலில் உங்கள் கைகளைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். கண்டியில் காலையில் குளிர். பிறகு விரித்து வையுங்கள், பெருவிரல் இரண்டும் நடுவில் முட்டட்டும். மூச்சை இழுக்கச் சொல்லுங்கள்.